வீட்டிலிருந்து ஆராதனை: முடக்க காலத்தில் சிறு சபைகள் கேட்கும் கேள்விகள்

2021 ஆகஸ்ட் 20ஆம் திகதி இரவு முதல் கொவிட் தொற்றினால் இலங்கை மீண்டும் முடக்கப்பட்டபோது, யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் உள்ள எங்கள் ஆலயத்தின் கதவும் மீண்டும் மூடப்பட்டது. 2020 மார்ச்சில் முதல் ஊரடங்கு வந்தபோது தொடங்கிய இணையவழி ஆராதனையை, கதவு திறந்திருந்த மாதங்களிலும் நாங்கள் முற்றாகக் கைவிடவில்லை. அயல் சபைகளிலிருந்தும், வெளிநாட்டு உறவுகளிடமிருந்தும், எங்கள் சொந்தச் சபை மக்களிடமிருந்தும் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு ஆராதனைக் குழுவின் சார்பில் அந்த முடக்க நாட்களில் நாங்கள் எழுதிய விடைகள் இவை. கமராவும் ஒளிபரப்புத் தெரிந்த ஆட்களும் இல்லாத, முப்பது நாற்பது குடும்பங்களைக் கொண்ட சபைகளை நினைத்தே இது எழுதப்பட்டது.

ஆலயத்துக்குப் போகாமல் வீட்டிலிருந்து செய்வது உண்மையான ஆராதனையாகுமா?

ஆகும். இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் மூத்தவர்களே கேட்கிறார்கள். அதற்கு விடை சொல்லத் தகுதியுள்ளவர்களும் அவர்கள்தான். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி போரினால் வலிகாமத்து மக்கள் குடாநாட்டின் இன்னொரு பகுதியான தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது, சபைகள் ஆலயத்தையும் மணியையும் விட்டுவிட்டுப் பாடசாலை மண்டபங்களிலும் உறவினர் வீட்டுத் திண்ணைகளிலும் மரநிழல்களிலும் ஞாயிறு ஆராதனையை நடத்தின. அவை குறைந்த ஆராதனைகள் என்று அங்கே நின்று ஜெபித்த எவரும் சொல்ல நாங்கள் கேட்டதில்லை. அதற்கும் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர், ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டிருந்தபோது, 1687இல் யாழ்ப்பாணம் வந்த புனித யோசப் வாஸ் அடிகள் சில்லாலையில் மறைந்திருந்து, இரவு வேளைகளில் வீடுகளுக்குச் சென்று வழிபாடு நடத்தினார். நாங்கள் புரட்டஸ்தாந்து மரபைச் சேர்ந்தவர்கள். ஆயினும் இந்த மண்ணில் விசுவாசம் வீடுகளுக்குள்ளே காக்கப்பட்டது என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை என்று கருதுகிறோம்.

வேதாகமமும் இதையே காட்டுகிறது. பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா ஆகியோரின் வீட்டில் கூடிய சபைக்குப் பவுல் வாழ்த்து அனுப்புகிறார் (ரோமர் 16:5). அவர் நேரில் போக முடியாத இடங்களுக்கு அவருடைய கடிதம் போயிற்று. அது சபையில் உரக்க வாசிக்கப்பட்டு அடுத்த ஊர்ச் சபைக்கும் கொடுக்கப்பட்டது (கொலோசெயர் 4:16). ஆனால் காகிதத்திலும் மையிலும் எழுத மனமில்லை, முகமுகமாய்ப் பேசினால்தான் சந்தோஷம் நிறைவாகும் என்று ஏங்கிய அப்போஸ்தலனின் குரலும் அதே வேதாகமத்தில் இருக்கிறது (2 யோவான் 12). இணையவழி ஆராதனை உண்மையானது என்றும் அது குறைவுள்ளது என்றும் ஒரே மூச்சில் சொல்ல நாங்கள் பழகியிருக்கிறோம். குறைவே இல்லை என்று காட்டிக்கொண்டால், கதவு திறந்த பின்னரும் வீட்டிலேயே இருந்துவிடலாமே என்ற எண்ணம் மெல்ல வந்துவிடும்.

கர்த்தர் காப்பார் என்று நம்புகிறவர்கள் கதவை மூடுவது விசுவாசக் குறைவு அல்லவா?

யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர்கள் இந்தக் கேள்வியை மிகவும் பொறுப்போடு அணுகவேண்டும். 2020 மார்ச் 15ஆம் திகதி அரியாலையில் நடந்த ஓர் ஆராதனையில் சுவிற்சர்லாந்திலிருந்து வந்த போதகர் ஒருவர் பங்குபற்றினார். அவருக்குத் தொற்று இருந்தது அவர் திரும்பிச் சென்ற பின்னரே தெரியவந்தது. யாழ்ப்பாணத்தில் முதலில் அடையாளம் காணப்பட்ட தொற்றுகள் அந்த வருகையோடு தொடர்புபட்டவை. வேண்டுமென்று எவரும் செய்ததன்று. ஆயினும் அதன் பின்னர் பல வாரங்கள் மாவட்டம் முழுவதும் அடைபட்டுக் கிடந்ததை அயலவர்கள் மறக்கவில்லை.

அதே மாதம் 10ஆம் திகதி அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகர் குழு தேவாலய மண்டபத்தில் பாடல் பயிற்சிக்குக் கூடியது. வந்தவர்கள் 61 பேர். உறுதிப்படுத்தப்பட்டவர்களும் தொற்றியிருக்கக்கூடியவர்கள் எனக் கருதப்பட்டவர்களுமாக 53 பேர் நோயுற்றார்கள், இருவர் இறந்தார்கள். உரத்துப் பாடும்போது வாயிலிருந்து வெளிவரும் நுண்துளிகள் மூடிய மண்டபத்தின் காற்றில் தங்குகின்றன என்பதற்கு மருத்துவ உலகம் எடுத்துக்காட்டும் முக்கிய நிகழ்வுகளில் அது ஒன்று. ஒன்றாகக் கூடி உரத்துப் பாடுவது எங்கள் ஆராதனையின் உயிர்நாடி என்பதால், நாம் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கவனமாயிருக்க வேண்டியவர்கள். அயலான் நோயுறாமல் இருக்க என் வீட்டில் நான் இருந்துவிடுவது, அயலானை நேசி என்ற கட்டளைக்குக் கீழ்ப்படிவதுதான்.

தொலைக்காட்சியிலும் நேரலையிலும் பெரிய ஆலயங்களின் ஆராதனை வருகிறதே. சிறு சபை தனியாக ஏன் சிரமப்பட வேண்டும்?

பார்ப்பதில் தவறே இல்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி ஆலயங்களிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் குண்டுகள் வெடித்தபின், அடுத்த ஞாயிறு கத்தோலிக்க ஆலயங்களில் பொதுத் திருப்பலிகள் நிறுத்தப்பட்டு, கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை தம் இல்லத்தில் ஒப்புக்கொடுத்த திருப்பலி தொலைக்காட்சியில் காட்டப்பட்டது. மூடிய வீடுகளுக்குள் அழுதுகொண்டிருந்த மக்களுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. அதற்கு முன்னர், மின்சாரம் இல்லாத போர்க்கால யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட தலைமுறைக்கு, மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ் என்ற கத்தோலிக்க வானொலியின் தமிழ் ஒலிபரப்பு எவ்வளவு துணையாயிருந்தது என்பதும் எங்களுக்குத் தெரியும்.

ஆனால் ஒளிபரப்பில் நீங்கள் வராததை எவரும் அறியமாட்டார்கள். சிறு சபையிலோ, மூன்றாம் வாங்கின் ஓரத்தில் இருக்கும் ஆச்சி வரவில்லை என்பது காணிக்கைப் பாட்டுக்கு முன்னரே எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆராதனை முடிந்து வீடு போகும் வழியில் இருவராவது அவரை எட்டிப் பார்ப்பார்கள். இணையத்துக்குக் கொண்டுபோக வேண்டியது அந்த வழக்கத்தைத்தான். காட்சியின் அழகில் பெரிய ஆலயங்களோடு போட்டி போட எங்களால் முடியாது. அதற்கு முயலவும் வேண்டாம்.

சூம், யூரியூப், வட்ஸ்அப், சாதாரணத் தொலைபேசி: எதைத் தேர்ந்தெடுப்பது?

கருவியைத் தீர்மானிக்கும் முன்னர் வீடு வீடாக ஒரு கணக்கு எடுங்கள். எந்த வீட்டில் என்ன வகைத் தொலைபேசி, அது யார் கையில் இருக்கிறது, வீட்டின் எந்த மூலையில் சிக்னல் கிடைக்கிறது, மாதத்துக்கு எவ்வளவு ரீலோட் போட அவர்களால் முடியும் என்பவற்றை எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் சபையில் பொத்தான் தொலைபேசி மட்டும் உள்ள வீடுகள் இருக்கின்றன. ஒரே ஸ்மார்ட் போனில் மூன்று பிள்ளைகள் பாடம் படித்து, ஞாயிறு வருமுன் டேட்டா முடிந்துபோகும் வீடுகளும் இருக்கின்றன. அந்தக் கணக்கில் மிகக் கீழே இருக்கும் வீட்டை எடுத்து, அந்த வீட்டுக்கு எட்டும் ஆராதனையை முதலில் அமையுங்கள். மற்றவை எல்லாம் அதன்மேல் சேர்க்கப்படலாம்.

இதை நாங்கள் கொரிந்து சபைக்குப் பவுல் எழுதியதிலிருந்து எடுத்துக்கொண்டோம். வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு உண்டு முடிக்க, வேலை முடிந்து பிந்தி வரும் ஏழைகள் பசியோடு நின்றார்கள். ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்றுதான் அப்போஸ்தலன் அவர்களுக்குச் சொன்னார் (1 கொரிந்தியர் 11:33). வேகமான இணைப்பு உள்ள வீடுகள் மெதுவான இணைப்பு உள்ள வீடுகளுக்காகக் காத்திருப்பதே எங்கள் ஆராதனைக் குழுவின் முதல் விதி.

நடைமுறையில் அது இப்படி அமைகிறது. ஒரு மணி நேர வீடியோ பல நூறு மெகாபைட் டேட்டாவை எடுக்கும், சில வேளைகளில் ஒரு கிகாபைட்டையும் தாண்டும். குரல் மட்டுமென்றால் ஏறத்தாழ 30 முதல் 40 மெகாபைட் போதும். ஆகையால் முதல் ஐந்து நிமிடம் எல்லோரும் முகம் பார்த்துத் தோத்திரம் சொல்லிக்கொண்ட பின், வாசிப்பவரும் பிரசங்கிப்பவரும் தவிர மற்றவர்கள் கமராவை நிறுத்திவிடுகிறோம். கட்டணமில்லாத சூம் கூட்டம் 40 நிமிடத்தில் தானாக நின்றுவிடும் என்பதால் ஆராதனையை அந்த அளவுக்குள் சுருக்கினோம். அதில் பிரசங்கத்துக்கு 12 நிமிடம். இந்தச் சுருக்கம் எங்களுக்கு நன்மையாகவே முடிந்தது. வட்ஸ்அப் குழு அழைப்பில் 2020 ஏப்ரல் முதல் எட்டுப் பேர் சேரலாம் என்று அப்போது இருந்தது. வார நடுவில் நடக்கும் ஜெபக் குழுக்களுக்கு அது பொருத்தமானது.

பொத்தான் தொலைபேசி வீடுகளுக்கு ஒரு தொண்டர் பொறுப்பெடுக்கிறார். தன் வீட்டில் சூம் ஓடும் கருவியின் ஒலிபெருக்கிக்கு அருகே இன்னொரு தொலைபேசியை வைத்து, அதிலிருந்து இரண்டு மூன்று வீடுகளைச் சாதாரண அழைப்பில் ஒன்றாக இணைத்துவிடுகிறார். ஒலி அவ்வளவு தெளிவாயிராது, ஆனால் அவர்கள் அதே நேரத்தில் அதே ஜெபத்தில் இருக்கிறார்கள். இவர்களை நினைத்து, திரையில் மட்டும் தெரியக்கூடிய எதையும் நாங்கள் செய்வதில்லை. பாட்டு எண், வேதபகுதி, அறிவித்தல் எல்லாம் வாயால் சொல்லப்படும், இரண்டு முறை சொல்லப்படும்.

எல்லோரும் சேர்ந்து பாடினால் ஏன் குழம்புகிறது?

இதில் உங்கள் சபையாரின் தாளத்தில் பிழை இல்லை. காற்றில் ஒலி ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்கிறது. ஆலயத்தில் பத்து மீற்றர் தள்ளி நிற்பவரின் குரல் ஒரு விநாடியின் நூறில் மூன்று பங்கு பிந்தி வருகிறது, அதைக் காது பொறுத்துக்கொள்ளும். இணையத்தில் குரல் துண்டு துண்டாக்கப்பட்டு, வெளிநாட்டுக் கணினி ஒன்றுக்குப் போய், திரும்பி வந்து கோர்க்கப்படுவதற்குள் விநாடியின் பத்தில் ஒன்று இரண்டு பங்கு கடந்துவிடுகிறது. ஐம்பது அறுபது மீற்றர் தள்ளி நிற்பவரோடு சேர்ந்து பாடுவதற்கு அது சமம். ஒவ்வொருவரும் மற்றவருக்காகச் சற்றுப் பிந்த, பாட்டு இழுபட்டு நின்றுபோகிறது. அதோடு, இந்தச் செயலிகள் ஒரு நேரத்தில் ஒரு பேச்சுக் குரலை மட்டும் தெளிவாக அனுப்பும்படி அமைக்கப்பட்டவை. ஆர்மோனியத்தின் நீண்ட சுரத்தை இரைச்சல் என்று எண்ணி வெட்டிவிடுகின்றன. சூமின் ஒலி அமைப்புகளில் இரைச்சல் நீக்கத்தை நிறுத்தி மூல ஒலியைத் தெரிவுசெய்தால் இசை ஓரளவு தப்பும்.

எனவே ஒரு வீடு மட்டும் ஒலிவாங்கியைத் திறந்து பாடட்டும். மற்ற வீடுகள் தங்கள் ஒலிவாங்கியை மூடிவிட்டு, உரக்க, நின்றுகொண்டு பாடட்டும். இந்த "உரக்க" என்பதை ஒவ்வொரு ஞாயிறும் சொல்லவேண்டியிருக்கிறது, ஏனெனில் தன் குரல் எவருக்கும் கேட்காது என்று தெரிந்தவுடன் மனிதர் வாயை மூடிவிடுகிறார்கள். பல்லவி திரும்பத் திரும்ப வரும் கீர்த்தனைகள் இதற்கு மிகவும் ஏற்றவை. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் (1774–1864) கீர்த்தனைகள் வீட்டு முற்றங்களில் மனனமாய்ப் பாடப்பட்டவை. புத்தகம் இல்லாத வீடும் அவற்றைத் தொடரும். பழைய பாடல்களுக்கு இன்னொரு நன்மையும் உண்டு: பிறர் ஒலிப்பதிவு செய்த புதிய பாடல்களை நேரலையில் ஓடவிட்டால், உரிமைப் பிரச்சினையால் பேஸ்புக்கும் யூரியூப்பும் ஒலியை நிறுத்திவிடக்கூடும், உரிமைக் காலம் கடந்த பாடலை நாமே பாடினால் அந்தச் சிக்கலுக்கு இடம் மிகக் குறைவு.

பதிவுசெய்த பாடகர் குழுவின் பாட்டைவிட, சபையில் உள்ள ஒரு தாத்தாவின் தளர்ந்த குரல் நடத்தும் பாட்டையே நாங்கள் விரும்புகிறோம். ஒவ்வொரு வாரமும் ஒரு வீடு பாட்டை நடத்துவது என்று முறை வைத்ததில், ஆலயத்தில் ஒருநாளும் முன்னே வந்து நிற்காதவர்கள் பாடியிருக்கிறார்கள்.

பதில் வாக்கியங்களும் பரமண்டல ஜெபமும் எப்படி?

அதே காரணத்தால் எல்லோரும் ஒலிவாங்கியைத் திறந்தால் இரைச்சல்தான் மிஞ்சும். சபையின் பதிலைச் சொல்ல ஒரு வீட்டை நியமியுங்கள்; மற்றவர்கள் அவரோடு சேர்ந்து தம் வீட்டில் சொல்லட்டும். சங்கீதத்தை வசனம் மாற்றி இரண்டு வீடுகள் வாசிக்கலாம். ஆண்டில் சில தடவைகளாவது பரமண்டல ஜெபத்துக்கு எல்லா ஒலிவாங்கிகளையும் திறந்துவிடும்படி நாங்கள் கேட்பதுண்டு. அது ஒழுங்காக வராது, ஆனாலும் ஒவ்வொருவரின் குரலையும் மற்றவர்கள் கேட்கிறார்கள்.

அனுப்பிய ஆராதனை முறை தொலைபேசியில் கிறுக்கலாகத் தெரிகிறதே?

நீங்கள் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்திருப்பீர்கள். அந்த எழுத்துரு இல்லாத தொலைபேசியில் அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகவே தெரியும். ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றி அனுப்புங்கள், அல்லது பெரிய எழுத்தில் எழுதிப் படமாக அனுப்புங்கள். காது மந்தமானவர்களுக்காகப் பிரசங்கத்தின் சாரத்தை இரண்டு பக்கம் கையால் எழுதிப் படம் எடுத்து முதல் நாளே அனுப்பிவிடுவது நல்ல பழக்கம்.

திருவிருந்தை இணையவழியாக எடுக்கலாமா?

திருச்சபைகள் இதில் ஒரே கருத்தில் இல்லை. உங்கள் சபை எந்த ஆயரின், எந்தப் பேரவையின் கீழ் இருக்கிறதோ அவர்களிடம் முதலில் கேளுங்கள். கத்தோலிக்கத் திருச்சபையில் குருவானவர் திருப்பலி ஒப்புக்கொடுக்க, வீட்டில் உள்ளவர்கள் ஆசையினாலே கிறிஸ்துவை உள்ளத்தில் ஏற்கும் ஆன்மிக நற்கருணையைச் செய்கிறார்கள். அங்கிலிக்கன் மரபின் 1662ஆம் ஆண்டுப் பொது ஜெபப் புத்தகம், நோயினாலோ வேறு நியாயமான தடையினாலோ அப்பத்தையும் இரசத்தையும் பெற முடியாதவன் உண்மையாய் மனந்திரும்பி நன்றியோடு விசுவாசித்தால், வாயினால் உட்கொள்ளாவிட்டாலும் கிறிஸ்துவின் சரீரத்திலும் இரத்தத்திலும் பங்குபெறுகிறான் என்று நோயாளருக்கான பகுதியில் சொல்கிறது. கொள்ளைநோய்களை நன்கு அறிந்த ஒரு காலத்தில் எழுதப்பட்ட அந்த வரிகளை எங்கள் முதியவர்களுக்கு வாசித்துக் காட்டியபோது, பலருடைய மனப்பாரம் இறங்கியது. சுயாதீன சபைகள் பலவற்றிலோ, ஒவ்வொரு வீடும் தன் அப்பத்தையும் திராட்சைச் சாற்றையும் ஆயத்தம் செய்துகொண்டு போதகரின் வார்த்தையோடு எடுத்துக்கொள்கிறது.

எங்கள் சபை காத்திருக்கத் தீர்மானித்தது. ஒரே அப்பத்தில் பங்குபெறுவதால் அநேகரான நாம் ஒரே சரீரமாயிருக்கிறோம் என்று வேதம் சொல்லும்போது (1 கொரிந்தியர் 10:17), தனித்தனி மேசைகளில் தனித்தனி அப்பத்தோடு அதைச் செய்ய எங்கள் மனம் ஒப்பவில்லை. தொலைபேசி வழியாக மட்டும் இணைபவர்கள், கடைக்குப் போக முடியாதவர்கள், தனிமைப்படுத்தப்பட்ட வீட்டில் இருப்பவர்கள் அன்று விலகி நிற்க நேர்ந்தால், கொரிந்து சபையின் நிலைமையே எங்களுக்கும் வந்துவிடும். வேறு விதமாகத் தீர்மானித்த சபைகளை நாங்கள் குறைசொல்லவில்லை. பசியோடு இருக்கிறவர்களுக்கு உணவு கொடுக்க வேண்டும் என்ற அவர்களின் தவிப்பும் அன்பிலிருந்தே வருகிறது.

மெதடிஸ்த மரபின் தந்தை ஜோன் வெஸ்லி மொறாவியர் என்ற புரட்டஸ்தாந்து சபையாரிடமிருந்து எடுத்துக்கொண்ட அன்பின் விருந்து என்ற பழைய வழக்கம் எங்களுக்கு இடையில் உதவியது. மாதத்தின் முதல் ஞாயிறன்று, வீட்டில் உள்ள எதையாவது, ஒரு துண்டுப் பாணையோ பிளேன்ரீயும் பனங்கட்டியையுமோ வைத்து, நன்றி சொல்லி, ஒரே நேரத்தில் உண்கிறோம். திருவிருந்தின் வார்த்தைகளை அதில் சொல்வதில்லை, இரண்டும் ஒன்றென்று எவரும் மயங்கக்கூடாது என்பதற்காக. இடையில் கதவு திறந்தபோது தனித்தனிக் கிண்ணங்களில், இடைவெளி விட்டு நின்று திருவிருந்தைப் பெற்றோம்.

ஞானஸ்நானம்?

திரைவழியாகக் கொடுக்க முடியாது. தண்ணீர் வேண்டும், அதை ஊற்றும் கை வேண்டும். காத்திருக்கலாம். மரணத் தறுவாயில் இருப்பவருக்கு, போதகர் வரமுடியாத இடத்தில், பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே தண்ணீரால் எந்தக் கிறிஸ்தவரும் கொடுக்கலாம் என்பதைக் கத்தோலிக்கரும் அங்கிலிக்கன் திருச்சபையாரும் நெடுங்காலமாக ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

காணிக்கையை எப்படிச் சேர்ப்பது?

வங்கிக் கணக்கு இலக்கத்தைப் பொதுத் தளங்களில் போடாமல், சபை மக்களுக்கு மட்டும் அனுப்புங்கள். வங்கிக்குப் போகமுடியாதவர்கள் வீட்டில் ஒரு உறையில் சேர்த்துவைக்கட்டும். ஆனால் நாட்கூலிக்கு வேலை செய்யும் குடும்பங்களுக்கு அந்த மாதங்களில் வருமானமே இருக்கவில்லை என்பதால், காணிக்கை என்ற பேச்சை நாங்கள் வேறு விதமாகத் தொடங்கினோம். அம்மம்மாமார் சோறாக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியாக வைத்த பிடியரிசிப் பழக்கத்தை மீண்டும் கேட்டோம். அனுமதி பெற்ற தொண்டர்கள் அதைச் சேர்த்து, தேவையுள்ள வீட்டுப் படலையில், சபை மக்கள் என்றோ வேறு மதத்தவர் என்றோ பாராமல் வைத்துவிட்டு வருகிறார்கள். ஒரு பங்கு ரீலோட் அட்டையாகவும் போகிறது. டேட்டா இல்லாத வீட்டுக்கு அதுவும் ஆராதனைக்கு வரும் வழிதான்.

கனடாவிலும் லண்டனிலும் உள்ள உறவுகள் சேரலாமா? நேரம் ஒத்துவரவில்லையே?

சேரலாம், அது பெரிய மகிழ்ச்சி. இங்கே ஞாயிறு காலை 8 மணி என்றால், கோடைகாலத்தில் லண்டனில் அதிகாலை 3.30, ரொறன்ரோவில் சனி இரவு 10.30. காலை ஆராதனையை இவ்வூர் நேரத்துக்கே வைத்திருக்கிறோம். மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை 6.30க்கு ஒரு ஜெபக் கூட்டம், அப்போது லண்டனில் பிற்பகல் 2 மணி, ரொறன்ரோவில் காலை 9 மணி. வெளிநாட்டிலிருந்து சேர்பவர்களுக்கு இணைப்பும் நல்லது, கருவியும் நல்லது, பேசவும் தயக்கமில்லை. எனவே அவர்கள் அறியாமலேயே கூட்டம் அவர்களுடையதாகிவிடும். வாசிப்பையும் ஜெபத்தையும் இங்குள்ளவர்களுக்கே முதலில் கொடுங்கள் என்று அன்போடு சொல்லியிருக்கிறோம். புரிந்துகொண்டார்கள்.

ஜெப விண்ணப்பங்களில் நோயாளரின் பெயரைச் சொல்லலாமா? அந்நியர் நுழைந்தால்?

தொற்றுக்குள்ளானவரின் பெயரையோ வீட்டையோ அவருடைய சம்மதமின்றிச் சொல்லாதீர்கள். தொற்று வந்த வீட்டைச் சுட்டிக் காட்டிப் பேசும் வழக்கம் எவ்வளவு காயப்படுத்தியது என்பதை 2020இலேயே பார்த்தோம். "நோயுற்றிருக்கும் எங்கள் சகோதரி ஒருவர்" என்றால் கர்த்தருக்கு விளங்கும். விண்ணப்பப் பகுதியை ஒருபோதும் பதிவுசெய்ய வேண்டாம். பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களைப் பேஸ்புக்கில் போடவும் வேண்டாம். அந்நியர் கூட்டங்களுக்குள் நுழைந்து குழப்பிய நிகழ்வுகள் உலகெங்கும் பெருகியதால் 2020 ஏப்ரலில் சூம் கடவுச்சொல்லையும் காத்திருப்பு அறையையும் இயல்பாகவே இயங்கும்படி செய்தது, அவற்றை நிறுத்தாதீர்கள். காத்திருப்பு அறையில் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி உள்ளே அழைக்கும் பொறுப்பை ஆலய வாசலில் நின்று வரவேற்கும் மூப்பரிடமே கொடுத்திருக்கிறோம்.

மரணம் நேர்ந்தால் என்ன செய்வது?

எல்லாவற்றிலும் கடினமானது இதுவே. கொவிட் தொற்றால் இறந்தவர்களின் உடலைத் தகனம் செய்யவேண்டும் என்று 2020 ஏப்ரலில் வெளியான வர்த்தமானி கட்டாயமாக்கியது. இதனால் மிகக் கொடிய வேதனையை அனுபவித்தவர்கள் முஸ்லிம் மக்கள். தம்முடையவர்களைச் சேமக்காலையில் அடக்கம் செய்து, கல்லறையில் பெயர் எழுதி, பூ வைக்கும் கிறிஸ்தவக் குடும்பங்களும் அந்த வலியை அறிந்தன. 2021 பெப்ரவரி இறுதியில் அடக்கம் செய்ய அனுமதி வந்தபோதும், 2021இல் மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடிக்கே உடல்கள் கொண்டுசெல்லப்பட்டன. வேறு காரணத்தால் இறந்தவர்களின் இறுதிச் சடங்கிலும் அப்போது சிலரே கூட முடிந்தது.

வெளிநாட்டு உறவுகளுக்காகச் செத்தவீட்டை நேரலையாகக் காட்டும் வழக்கம் யாழ்ப்பாணத்தில் நோய்க் காலத்துக்கு முன்பே இருந்தது. கலியாண வீட்டுக்குப் படம் பிடிப்பவர்களே இதையும் செய்வார்கள். முடக்க காலத்தில் அயல் வீட்டாரும் அந்தத் திரையின் முன் இருந்தார்கள் என்பதே வேறுபாடு. குடும்பம் கேட்டால் ஒழிய முகத்தை அருகில் காட்ட வேண்டாம். பொதுத் தளத்தில் விட வேண்டாம். உடல் இல்லாமல், அல்லது குடும்பமே தனிமைப்படுத்தலில் இருக்கும் நிலையில், போதகர் தொலைபேசியில் அந்த வீட்டாரோடு மட்டும் முதலில் ஜெபிக்க வேண்டும். பிறகுதான் சபைக்கான ஆராதனை. சடங்குக்குக் குறித்த நேரத்தில் ஆலயத்துக்கு அருகில் வசிப்பவர் மணியை அடிக்கிறார். எல்லா வீடுகளும் எழுந்து நின்று ஒரே சங்கீதத்தை வாசிக்கின்றன. சாம்பலைப் பெற முடிந்தால், அதைச் சேமக்காலையில் குடும்பக் கல்லறையில் வைத்து அடக்க ஆராதனையின் வார்த்தைகளை முழுமையாகச் சொல்லலாம், அதைச் சுருக்காதீர்கள். 31ஆம் நாள் நினைவு ஜெபத்தில், இறந்தவரைப் பற்றி அயலவர்களும் பேச நீண்ட நேரம் ஒதுக்குங்கள். செத்தவீட்டில் வாங்கில் அமர்ந்து பேசித் தீர்க்கும் கதைகள் பேசப்படாமல் போனால், துக்கம் உள்ளேயே கட்டிநிற்கிறது.

தனியாக இருக்கும் முதியவர்கள் எப்படி இணைவார்கள்?

ஒவ்வொரு முதியவருக்கும் இளையவர் ஒருவரை நியமியுங்கள். சனிக்கிழமை மாலை ஒரு அழைப்பு. தொலைபேசியில் சார்ஜ் இருக்கிறதா, மருந்து இருக்கிறதா என்று கேட்க. ஞாயிறு காலை ஒரு அழைப்பு. எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று மீண்டும், பொறுமையோடு, பெரியம்மா, மாமா என்று உறவு சொல்லி விளக்க. ஆராதனைக்குப் பின் ஒன்று, வெறுமனே கதைப்பதற்கு. இந்தக் கடைசி அழைப்பை ஒருபோதும் விட்டுவிட வேண்டாம். பலருக்கு அந்த வாரத்தில் கேட்கும் ஒரே மனிதக் குரல் அதுதான்.

ஞாயிறு பாடசாலை?

வாரம் முழுவதும் திரையைப் பார்த்துக் களைத்த பிள்ளைகளை மீண்டும் திரைக்கு முன் இருத்த வேண்டாம். பத்து நிமிடக் குரல் பதிவில் ஒரு வேதாகமக் கதை, பெற்றோர் வட்ஸ்அப்பில் அனுப்பும் ஒரு படம், மனன வசனம், போதும்.

ஆலயம் மீண்டும் திறந்த பின் இதை நிறுத்திவிடலாமா?

நடக்கக்கூடியவர்கள் ஆலயத்துக்கு வரவேண்டும். அதை உறுதியாகச் சொல்லுங்கள். ஆனால் படுக்கையில் இருப்பவர்களும், இரவுக் கடமை முடிந்து வரும் தாதியரும், நோயாளியை விட்டு நகர முடியாத மகள்மாரும் நோய்க் காலத்துக்கு முன்னரும் இருந்தார்கள், பின்னரும் இருப்பார்கள். கதவு திறந்திருந்த மாதங்களில் பிரசங்க மேடைக்கு அருகே ஒரு தொலைபேசியை வைத்து, அழைப்பைத் திறந்துவிட்டே ஆராதனையைத் தொடங்கினோம். ஒரு வேத வாசிப்பை வீட்டிலிருப்பவர் ஒருவர் அதன்வழியே வாசிக்க, ஆலயத்தில் உள்ளவர்கள் கேட்டார்கள். இம்முறை திறக்கும்போதும் அப்படியே செய்வோம். அதற்கு ஒரு தொலைபேசி, ஒரு சிறிய ஒலிபெருக்கி, அழைப்பைக் கவனிக்க ஒருவர் போதும். அந்த ஒருவரை மாதாமாதம் மாற்றுங்கள், அவரும் நிம்மதியாக ஆராதிக்க வேண்டும்.